மேல்கோர்ட்டுக்குக் கீழ்க்கோர்ட் எழுதிய பதில்

நான் சொல்லப்போகும் வழக்கின் தாய்ப்பத்திரத்தை எழுதிக் கொடுத்தவருக்கு அப்போது சொந்தமாகக் குடியிருக்க ஒரு வீடு கிடையாது. 1649 ஜனவரியில் லண்டனில் முதலாம் சார்லஸ் மன்னரின் தலையை வெட்டிவிட்டார்கள். மகன் இரண்டாம் சார்லஸ் கடல் தாண்டிப் போய் அடுத்தவர் தயவில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். விசுவாசிகளுக்குக் கொடுக்கக் கையில் காசில்லை. பேனா மட்டும் இருந்தது. அதே ஆண்டு செப்டம்பரில், அமெரிக்காவின் வர்ஜீனியாவில் பொட்டோமாக், ராப்பஹானக் என்ற இரண்டு ஆறுகளுக்கு நடுவே இருக்கும் பூமி முழுவதையும் ஏழு விசுவாசிகளின் பெயருக்கு எழுதிவைத்தார். புறம்போக்கை வேண்டியவனுக்குப் பட்டா போடுவது நம் ஊர்க் கண்டுபிடிப்பு என்று யாரும் மார்தட்ட வேண்டாம். அங்கே சர்க்காரே கையில் இல்லாதவர் போட்டுக் கொடுத்திருக்கிறார்.

1660-இல் அவருக்கு ராஜ்யம் திரும்பக் கிடைத்ததும் பத்திரத்துக்கும் உயிர் வந்துவிட்டது. கைமாறிக் கைமாறிக் கடைசியில் தாய்வழிச் சொத்தாக அது ஆறாவது ஃபேர்ஃபாக்ஸ் பிரபுவிடம் வந்து சேர்ந்தது. வந்த பிறகு ஒரு பூகோளக் கேள்வி கிளம்பியது: ஆறு எங்கே ஆரம்பிக்கிறது? ஊற்றுக்கண் மேற்கே தள்ளிப்போகப் போக நிலம் பெருகும். பிரபு மேற்கே தள்ளினார். வர்ஜீனியா சர்க்கார் கிழக்கே இழுத்தது. 1745-இல் லண்டன் பிரிவி கவுன்சில் பிரபுவின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. நூறு வருஷத்துக்குப் பிறகு ராமநாதபுரம், சிவகங்கை ஜமீன் வழக்குகள் கப்பலேறிப் போய் நின்றனவே, அதே பிரிவி கவுன்சில்தான். பிரபுவின் கையில் இப்போது ஐம்பது லட்சம் ஏக்கருக்கு மேல். இன்றைய தமிழ்நாட்டில் ஆறில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். பட்டாதாரர் ஒரே ஒருவர். அவருக்கும் கல்யாணம் ஆகவில்லை.

இங்கிலாந்தில் இருந்த கோட்டையை விட்டுவிட்டு வர்ஜீனியாக் காட்டுக்கே வந்து, நரி வேட்டையாடிக்கொண்டு காலம் தள்ளினார் அவர். 1748-இல் நிலம் அளக்கப் பதினாறு வயதுப் பையன் ஒருவனைச் சங்கிலியோடு அனுப்பினார். பையன் பெயர் ஜார்ஜ் வாஷிங்டன். அந்தப் பையன் பின்னாளில் பிரிட்டிஷ் ராஜ்யத்தையே அளந்து வெளியே நிறுத்தியது உங்களுக்குத் தெரியும். 1781 அக்டோபரில் யார்க்டவுனில் கார்ன்வாலிஸின் படை சரணடைந்தது. (அங்கே தோற்ற அதே கார்ன்வாலிஸ்தான் ஐந்து வருஷத்தில் இங்கே கவர்னர் ஜெனரலாக வந்து, திப்பு சுல்தானிடம் வட்டியும் முதலுமாக வசூலித்தவர்.) டிசம்பரில் ஃபேர்ஃபாக்ஸ் பிரபு காலமானார். சரணடைந்த சேதி கேட்ட அதிர்ச்சியில்தான் போய்ச் சேர்ந்தார் என்று ஒரு கதை உண்டு. எண்பத்தெட்டு வயதில் போவதற்குத் தனியாக ஒரு காரணம் வேண்டுமா என்று கதை கட்டியவர்கள் யோசிக்கவில்லை.

உயிலை எடுத்துப் பார்த்தால் சொத்து முழுவதும் இங்கிலாந்தில் பாதிரியாராக இருந்த சகோதரி மகன் டென்னி மார்ட்டினுக்கு. ஒரே நிபந்தனை: பெயரோடு ஃபேர்ஃபாக்ஸ் என்று சேர்த்துக்கொள்ள வேண்டும். விற்றது போக மிஞ்சியதே லட்சக்கணக்கான ஏக்கர். அதற்காகத் தொட்டிலில் போட்டுப் புதிதாகப் பெயர் வைக்கிறோம் என்றாலும் யாரும் மறுக்க மாட்டார்கள். பாதிரியாரும் மறுக்கவில்லை.

வர்ஜீனியா மறுத்தது. சண்டை போட்டு விரட்டிய நாட்டுக் குடிமகனுக்கு எங்கள் மண்ணா? வேற்று நாட்டான் உயில் மூலம் நிலம் எடுக்க முடியாது என்று சட்டம் பேசி, நிலத்தைத் தன்னுடையது என்று சொல்லிக் கூறு போட்டுக் கொடுக்க ஆரம்பித்தது. 1789-இல் டேவிட் ஹன்டர் என்பவருக்கு எழுநூறு ஏக்கருக்கு மேல் ஒரு துண்டு. ஆக ஒரே நிலத்துக்கு இரண்டு பட்டா. எந்தத் தாலுகா ஆபீஸ் வாசலில் நின்று கேட்டாலும் இதற்கு அடுத்து என்ன நடக்கும் என்று சொல்லிவிடுவார்கள்.

1791-இல் ஹன்டர் வின்செஸ்டர் என்ற ஊரில் தாவா போட்டார். ‘போட்டார்’ என்று சொல்வதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அந்தக் காலத்து ஆங்கிலச் சட்டப்படி நிலத்திலிருந்து ஆளை வெளியேற்றும் வழக்கைக் குத்தகைக்காரன்தான் போட முடியும். சொந்தக்காரன் என்ன செய்வான்? ஒரு குத்தகைக்காரனைக் கற்பனையில் பெற்றெடுப்பான். ‘நான் இன்னாருக்குக் குத்தகைக்கு விட்டேன், அந்த இன்னாரை இன்னொருவன் அடித்து விரட்டிவிட்டான்’ என்று பிராது எழுதுவான். குத்தகைக்காரனும் இல்லை, விரட்டியவனும் இல்லை, அடியும் விழவில்லை. நீதிபதிக்கும் தெரியும், குமாஸ்தாவுக்கும் தெரியும். ஜான் டோ, ரிச்சர்ட் ரோ என்று அமெரிக்கப் படங்களில் அநாதைப் பிணத்துக்கு வைக்கும் பெயர்கள் பிறந்தது இந்தப் பிராதுகளில்தான். நம் வழக்கின் முழுப் பெயர் ‘மார்ட்டின் எதிர் ஹன்டரின் குத்தகைதாரர்’. அமெரிக்க நீதிமன்றங்களின் தலைவிதியை எழுதிய வழக்கில் ஒரு பக்கத்துக் கட்சிக்காரர் பிறக்கவே இல்லை.

1794-இல் வின்செஸ்டர் கோர்ட் பாதிரியாருக்குச் சாதகமாகத் தீர்ப்புக் கொடுத்தது. ஹன்டர் தரப்பு, தலைநகர் ரிச்மண்டில் இருந்த வர்ஜீனியா மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போனது. அந்த மாநிலத்தின் உச்சாணிக் கொம்பு அதுதான். வழக்குக் கட்டு அங்கே போய்ச் சேர்ந்தது. பிறகு தூங்கியது. ஒரு வருஷம், இரண்டு வருஷம் இல்லை, பதினாறு வருஷம். வாய்தா வாங்கியே வயதாகிப்போன குடும்பங்கள் நம்மிடையே ஏராளம் என்பதால் இதை நீட்டி எழுதத் தேவையில்லை. இடையில் பாதிரியாரும் இறந்துபோனார். சொத்து அவருடைய சகோதரர் பிலிப் மார்ட்டினுக்குப் போனது.

கட்டு தூங்கிய நேரத்தில் மனிதர்கள் விழித்திருந்தார்கள். 1793-இலேயே ஒரு கூட்டுக் கம்பெனி ஃபேர்ஃபாக்ஸ் பண்ணை நிலங்களில் ஒரு லட்சத்து அறுபதாயிரம் ஏக்கரை இருபதாயிரம் பவுனுக்குப் பேசி முடித்திருந்தது. கூட்டாளிகளில் இரண்டு பேர் அண்ணன் தம்பிகள்: ஜான் மார்ஷல், ஜேம்ஸ் மார்ஷல். அண்ணன் ஜான் வக்கீல். முன்பு ஃபேர்ஃபாக்ஸ் பட்டா செல்லும் என்று கோர்ட்டில் வாதாடியவர். வாதாடிய வாய்க்கே நிலம் கிடைத்தது. பணம் புரட்ட நம்பியிருந்தது தம்பி ஜேம்ஸின் மாமனாரை. சாதாரண மாமனார் இல்லை, சுதந்திரப் போருக்கே பணம் புரட்டிக் கொடுத்த ராபர்ட் மாரிஸ். நாட்டுக்குப் புரட்டியவரால் மருமகனுக்குப் புரட்ட முடியவில்லை. நில வியாபாரத்தில் நொடித்துப்போய் 1798-இல் கடன்காரர் சிறைக்குப் போனார். மார்ஷல் சகோதரர்கள் எப்படியோ தட்டுத்தடுமாறிப் பணத்தைக் கட்டி முடித்தார்கள்.

இதற்கிடையே, 1796-இல், ஜான் மார்ஷல் வர்ஜீனியா சட்டமன்றத்தோடு ஒரு சமரசம் செய்துகொண்டிருந்தார். காடும் தரிசும் மாநிலத்துக்கு, பண்ணை நிலம் எங்களுக்கு. ஹன்டரின் துண்டு தரிசுக் கணக்கில் வருவது. அப்படியானால் வழக்கு அன்றே முடிந்திருக்க வேண்டுமே என்று உங்களுக்குத் தோன்றும். ரிச்மண்டில் இருந்த ஒரு நீதிபதிக்கும் அப்படித்தான் தோன்றியது.

அவர் பெயர் ஸ்பென்சர் ரோன். சுதந்திரப் போரின் பீரங்கி வாய் பேட்ரிக் ஹென்றியின் மருமகன். ரிச்மண்டில் ‘என்குவயரர்’ என்று ஒரு பத்திரிகை கிளம்ப மூலகாரணமாக இருந்தவர், அதன் ஆசிரியர் அவருக்கு உறவு. தீர்ப்பில் எழுத முடியாததைப் பத்திரிகையில் எழுதிக்கொள்ளலாம் என்பது எவ்வளவு வசதி! தாமஸ் ஜெஃபர்சன் ஜனாதிபதியானபோது உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி நாற்காலி காலியாக இருந்திருந்தால் அதில் ரோன்தான் உட்கார்ந்திருப்பார் என்று சொல்வார்கள். நாற்காலி காலியாக இல்லை. தேர்தலில் தோற்று வீட்டைக் காலி செய்துகொண்டிருந்த ஜான் ஆடம்ஸ், 1801 ஜனவரியில் கடைசி நேரத்தில் அந்த நாற்காலியில் ஒருவரை உட்காரவைத்துவிட்டுப் போயிருந்தார். யாரை? நம் நிலக்காரர் ஜான் மார்ஷலை. ஜெஃபர்சனும் மார்ஷலும் தூரத்து உறவு வேறு. பங்காளிகள் என்றால் எப்படி இருப்பார்களோ அப்படியே இருந்தார்கள்.

1810-இல் ரிச்மண்ட் நீதிமன்றம் கண்விழித்து, வின்செஸ்டர் தீர்ப்பைத் தூக்கி எறிந்து, ஹன்டருக்கு நிலம் என்றது. ரோன் சமரசத்தையும் எடுத்துக் காட்டினார்: ஐயா, தரிசை விட்டுக்கொடுக்கிறோம் என்று நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள், இப்போது தரிசுக்கு வழக்கு நடத்தினால் எப்படி? என் ஓட்டு இந்த இடத்தில் ரோனுக்குத்தான். கொடுத்த வாக்கைக் கொஞ்சம் சுருட்டிக்கொண்ட வாசனை மார்ஷல் தரப்பில் அடிக்கத்தான் செய்கிறது.

மாநிலத்தின் கடைசி வார்த்தை முடிந்தது. அதற்கு மேல் எங்கே போவது? இங்கே கொஞ்சம் நின்று அமெரிக்க ஏணியைப் பார்த்துவிடுவோம்.

நமக்கு ஏணி ஒன்றுதான். முன்சீப் கோர்ட், சப் கோர்ட், ஐகோர்ட், டெல்லி. மாநிலச் சட்டமோ மத்தியச் சட்டமோ எல்லாம் அதே படிகளில்தான் ஏறும். அமெரிக்காவில் ஏணிகள் தனித்தனி. ஒவ்வொரு மாநிலத்துக்கும் விசாரணை நீதிமன்றம், மேல்முறையீடு, உச்சம் என்று சொந்த ஏணி. பக்கத்தில் மத்திய அரசுக்கென்று வேறொரு ஏணி. பெயர்களை நம்பி ஏறக் கூடாது: நியூயார்க்கில் ‘சுப்ரீம் கோர்ட்’ என்பது விசாரணை நீதிமன்றம், அங்கே உச்சத்தில் இருப்பதன் பெயர் ‘கோர்ட் ஆஃப் அப்பீல்ஸ்’. டெக்சாஸில் சிவிலுக்கு ஒன்று, கிரிமினலுக்கு ஒன்று என்று இரண்டு உச்சி. மாநிலச் சட்டத்துக்கு என்ன அர்த்தம் என்று மாநில உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டால் அதற்கு மேல் வாஷிங்டன்கூட வாய் திறக்க முடியாது. ஏணிகளை இணைப்பது உச்சியில் போட்ட ஒரே ஒரு ஒற்றைப் பலகை. வழக்கில் அரசியல் சாசனமோ மத்தியச் சட்டமோ வெளிநாட்டு உடன்படிக்கையோ சம்பந்தப்பட்டிருந்தால் மட்டும், மாநில உச்சியிலிருந்து அந்தப் பலகை வழியாக அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு நடந்து போகலாம். இன்றைக்கு அங்கேயும் வாசலில் நிறுத்திவிடுவார்கள். ஆண்டுக்குச் சில ஆயிரம் மனுக்கள் வரும்; ஒன்பது நீதிபதிகளில் நான்கு பேராவது ‘உள்ளே வரட்டும்’ என்றால்தான் கதவு திறக்கும். அறுபது எழுபது வழக்குக்குத் திறந்தால் அதிகம்.

இந்தப் பலகையைப் போட்டது 1789-ஆம் ஆண்டு நீதித்துறைச் சட்டத்தின் 25-வது பிரிவு. காகிதத்தில் போட்ட பலகை. பலமாக ஒருவர் ஏறி மிதித்தால் தாங்குமா என்று யாருக்கும் தெரியாது. ஃபேர்ஃபாக்ஸ் தரப்பு மிதித்துப் பார்த்தது. 1794-இல் இங்கிலாந்தோடு ஜான் ஜே போட்ட உடன்படிக்கையில், பிரிட்டிஷார் அமெரிக்காவில் வைத்திருக்கும் நிலம் அவர்களுக்கே என்று ஒரு ஷரத்து இருந்தது. உடன்படிக்கை வந்தால் பலகையும் வரும்.

வாஷிங்டனில் கூண்டுக்கு மேலே உட்கார்ந்திருக்கும் தலைமை நீதிபதியோ வழக்கின் நிழலில் நிலம் வாங்கியவர். மார்ஷல் மரியாதையாக எழுந்து ஒதுங்கிக்கொண்டார். தீர்ப்பு எழுதும் வேலை இளம் நீதிபதி ஜோசப் ஸ்டோரிக்கு வந்தது. முப்பத்திரண்டு வயதில் அந்த நாற்காலியில் உட்கார்ந்த ஆள். மார்ஷல் ஒதுங்கியது எவ்வளவு தூரம் என்று கேட்காதீர்கள். அந்தக் காலத்தில் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் வாஷிங்டனில் ஒரே விடுதியில் தங்கி ஒரே மேஜையில் சாப்பிட்டார்கள். மழை பெய்தால்தான் ஒயின் என்று அவர்களுக்குள் ஒரு கட்டுப்பாடு இருந்ததாம். மார்ஷல் ஸ்டோரியை ஜன்னல் வழியே பார்க்கச் சொல்வாராம். வெயில் கொளுத்துகிறது என்பார் ஸ்டோரி. நம் அதிகார எல்லை அவ்வளவு பெரிது, எங்கேயாவது மழை பெய்துகொண்டுதான் இருக்கும் என்று புட்டியைத் திறக்கச் சொல்வாராம் மார்ஷல். கதைதான். ஆனால் ரோன் பயந்தது சரியாக இந்த மனிதரைப் பார்த்துத்தான்.

1813 மார்ச்சில் தீர்ப்பு வந்தது: நிலம் பிரிட்டிஷ் வாரிசுக்கே. காலண்டரைப் பாருங்கள். அப்போது அமெரிக்காவும் இங்கிலாந்தும் மறுபடியும் போரில் இருந்தன. எல்லையில் பீரங்கி வெடித்துக்கொண்டிருக்கும்போது, எதிரி நாட்டு வாரிசுக்கு வர்ஜீனியா நிலத்தை எழுதிவைத்தார் ஸ்டோரி. நீதிபதி வில்லியம் ஜான்சன் மட்டும் ஒப்பவில்லை. சமரசத்தைப் பற்றித் தீர்ப்பு பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. கையோடு ரிச்மண்டுக்கு உத்தரவும் போயிற்று. அதன் சட்ட நடையில், இதனால் உங்களுக்கு ஆணையிடப்படுகிறது என்று ஒரு தொனி.

ரிச்மண்டுக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஆணையா? எங்களுக்கா? லண்டன் ராஜாவின் சபைக்குக் கட்டு அனுப்பிக் கைகட்டி நின்றது போதும் என்றுதானே துப்பாக்கி தூக்கினோம்? ரோனும் சக நீதிபதிகளும் ஒரு அபூர்வமான காரியம் செய்தார்கள். மேல்கோர்ட் உத்தரவை நிறைவேற்ற வேண்டுமா வேண்டாமா என்று வக்கீல்களைக் கூப்பிட்டு வாதாடச் சொன்னார்கள். 1814-இல் ஆறு நாள் வாதம் நடந்தது. மாமியார் சொன்னதைக் கேட்பதா என்று மருமகள் பஞ்சாயத்துக் கூட்டிய மாதிரி. பிறகு மறுபடி மௌனம். ஒன்றரை வருஷத்துக்கு மேல். காரணம் ஒன்று சொல்வார்கள்: அந்தச் சமயம் போர் பிடிக்காத வடகிழக்கு மாநிலங்கள் ஹார்ட்ஃபோர்டில் கூடி மத்திய அரசை முறைத்துக்கொண்டிருந்தன. வர்ஜீனியாக்காரர்கள் அவர்களைத் தேசத்துரோகிகள் என்று திட்டிக்கொண்டிருந்தார்கள். திட்டி முடிக்கும்வரை தாங்களும் அதே வேலையைச் செய்ய முடியாதல்லவா? இடையில், 1814 ஆகஸ்டில், பிரிட்டிஷ் படை வாஷிங்டனுக்குள் புகுந்து நாடாளுமன்றக் கட்டடத்தைக் கொளுத்திவிட்டது. உச்ச நீதிமன்றமும் அதில்தான் குடியிருந்தது. ஆக, பிரிட்டிஷ் வாரிசுக்கு நிலம் கொடுத்த நீதிமன்றத்துக்கு இருந்த இடத்தைப் பிரிட்டிஷாரே பறித்தார்கள். உலகின் அதிகாரம் பெருத்த கோர்ட் இரவல் கூரையின் கீழ் ஒண்டிக்கொண்டது.

1815 டிசம்பரில் ரிச்மண்டின் பதில் வந்தது. ஒருமனதாக. சட்ட மொழியை உரித்துவிட்டுச் சாரத்தை நம் வழக்கில் சொன்னால் இவ்வளவுதான்: நீங்கள் வேறு வீடு, நாங்கள் வேறு வீடு. மேல், கீழ் என்பதெல்லாம் ஒரே வீட்டுக்குள்தான். 25-வது பிரிவே அரசியல் சாசனத்துக்கு விரோதம். கீழ்ப்படிய முடியாது.

பலமுறை யோசித்திருக்கிறேன், இந்தப் பதிலைப் படித்தபோது வாஷிங்டனில் என்ன முகம் வைத்திருப்பார்கள் என்று. படை இல்லை, பணப்பெட்டி இல்லை, கட்டடமும் எரிந்துவிட்டது. மேல்கோர்ட் என்பது, கீழே இருப்பவன் ‘ஆமாம், நீ மேலேதான்’ என்று ஒப்புக்கொள்ளும்வரை வெறும் மாடிதான். ரோனின் வாதமும் லேசுப்பட்டதில்லை. சாசனத்தில் ‘மாநில நீதிமன்றங்கள் மேல்முறையீட்டுக்கு உட்பட்டவை’ என்று ஒரு வரி வெளிப்படையாக எழுதியிருந்தால் இந்தச் சண்டையே வந்திருக்காது. எழுதவில்லை. எழுதியவர்கள் ஒன்று மறந்தார்கள், இல்லை, எழுதினால் ஓட்டு விழாது என்று விழுங்கினார்கள்.

வழக்கு மறுபடி ஏறியது. மார்ஷல் மறுபடி ஒதுங்கினார். 1816 மார்ச் 20 அன்று ஸ்டோரி மறுபடி எழுதினார், இந்தத் தடவை நிலத்தைப் பற்றி அல்ல, ஏணியைப் பற்றி. சாசனத்தை உண்டாக்கியது மாநிலங்கள் இல்லை, ஜனங்கள். மேல்முறையீட்டு அதிகாரம் எந்த மாதிரி வழக்கு என்பதைப் பார்க்குமே தவிர, வழக்கு எந்த நீதிமன்றத்திலிருந்து வருகிறது என்று பார்க்காது. ஒவ்வொரு மாநிலமும் தனக்குப் பிடித்தபடி ஒரே சட்டத்துக்கு அர்த்தம் சொன்னால், பாஸ்டனில் ஒரு சாசனம், ரிச்மண்டில் ஒரு சாசனம் என்று ஆகிவிடும். மாநில நீதிபதிகளின் படிப்பையும் நேர்மையையும் நாங்கள் சந்தேகிக்கவில்லை, ஆனாலும் உள்ளூர்ப் பற்று, பொறாமை, ஆதாயம் என்றெல்லாம் உலகத்தில் இருக்கின்றனவே என்றும் ஒரு போடு போட்டார். பெண் வீட்டாரைக் குறை சொல்லவில்லை என்று ஆரம்பித்துப் பந்தியில் உப்பு வரைக்கும் குறை சொல்லும் சம்பந்தியின் நடை அது.

எல்லாம் சரி, உத்தரவை யாருக்கு அனுப்புவது? ரிச்மண்டுக்கு அனுப்பினால் இன்னொரு ‘முடியாது’ வரும். ஸ்டோரி இங்கேதான் தன் மூளையைக் காட்டினார். ரிச்மண்டைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், ‘1794-இல் வின்செஸ்டர் கோர்ட் கொடுத்த தீர்ப்பு உறுதி செய்யப்படுகிறது’ என்று முடித்துவிட்டார். அப்பாவோடு பேச்சுவார்த்தை இல்லையென்றால் பேரனைக் கூப்பிட்டுச் சொல்வதுபோல. இருபத்திரண்டு வருஷம் கழித்து, கீழ்க்கோர்ட் முதலில் சொன்னதுதான் சரி என்று ஆயிற்று.

ரோன் அடங்கவில்லை. 1819-இல் மார்ஷல் ஒரு வங்கி வழக்கில் மத்திய அரசின் கையை ஓங்கவைத்துத் தீர்ப்புச் சொன்னதும், ‘ஹாம்ப்டன்’ என்ற புனைபெயரில் என்குவயரரில் வெளுத்துக்கட்டினார். மார்ஷல் என்ன செய்தார் தெரியுமா? அமெரிக்காவின் தலைமை நீதிபதி, ‘சாசனத்தின் நண்பன்’ என்று பெயர் வைத்துக்கொண்டு வேறொரு பத்திரிகையில் பதில் எழுதினார். தன் தீர்ப்பைத் தானே பாராட்டி முகமூடி போட்டு எழுதிய தலைமை நீதிபதி! நம் முகநூல் போலிக் கணக்குக்காரர்களுக்கு மூதாதை எங்கே இருக்கிறார் பாருங்கள்.

கடைசிச் சுற்று இரண்டு வருஷத்தில் வந்தது, லாட்டரிச் சீட்டு உருவத்தில். தலைநகர் வாஷிங்டனுக்காக நாடாளுமன்ற அனுமதியோடு நடந்த லாட்டரியின் சீட்டுகளை, பால்டிமோர் கோஹன் குடும்பத்துச் சகோதரர்கள் இருவர் வர்ஜீனியாவின் நார்ஃபோக்கில் விற்றார்கள். வர்ஜீனியாவில் வெளி லாட்டரிக்குத் தடை. உள்ளூர் கோர்ட் நூறு டாலர் அபராதம் போட்டது. அவ்வளவு சின்னத் தொகைக்கு மாநிலத்துக்குள் மேல்முறையீடே கிடையாது. ஆகவே மாநிலத்தின் உச்சி நார்ஃபோக் நகர கோர்ட்தான் என்று ஆகி, அங்கிருந்து நேராக வாஷிங்டனுக்கே பலகை போடப்பட்டது. இந்தத் தடவை மார்ஷலுக்கு இதில் நிலம் இல்லை. உட்கார்ந்துகொண்டார். 1821 மார்ச்சில் பக்கம் பக்கமாக எழுதினார்: மாநிலமே ஒரு கட்சியாக இருக்கும் வழக்கானாலும், கிரிமினல் வழக்கானாலும், மத்தியச் சட்டம் சம்பந்தப்பட்டால் எங்களிடம் வந்துதான் தீர வேண்டும். வர்ஜீனியா கொதித்தது. மார்ஷல் கடைசியில் ஒரு வார்த்தை சேர்த்தார்: லாட்டரிச் சட்டம் தலைநகருக்கு மட்டும்தான் பொருந்தும், அபராதம் செல்லும். அதாவது வர்ஜீனியாவுக்கே ஜெயம். நூறு டாலரும் அவர்களுக்கே. ஜெயித்தவன் எந்த மேல்கோர்ட்டுக்குப் போய், இந்த ஜெயம் செல்லாது என்று முறையிடுவான்? ரோன் ‘அல்ஜர்னன் சிட்னி’ என்று இன்னொரு புனைபெயரில் ஒரு பாட்டம் எழுதித் தீர்த்துவிட்டு, அடுத்த வருஷம் காலமானார்.

பலகை அதோடு உறுதியாகிவிட்டது என்று சொன்னால் பொய். 1830-இல் ஜார்ஜியா மாநிலம் செரோக்கி இனத்தைச் சேர்ந்த ஜார்ஜ் டாசெல் என்பவருக்குத் தூக்குத் தண்டனை விதித்தது. மேல்முறையீட்டுக்கு மார்ஷல் கையெழுத்திட்ட உத்தரவு ஜார்ஜியாவுக்குப் போனது. சட்டமன்றம் கூடி, கண்டுகொள்ளாதே என்று தீர்மானம் போட்டது. டிசம்பர் 24 அன்று அவரைத் தூக்கில் போட்டுவிட்டார்கள். இதில் சிரிக்க எதுவும் இல்லை.

விஸ்கான்சின் மாநிலமும் முறைத்தது, ஆனால் வேறு காரணத்துக்கு. தப்பி வந்த அடிமைகளைப் பிடித்துக் கொடுக்கச் சொல்லும் மத்தியச் சட்டம் செல்லாது என்று அதன் உச்ச நீதிமன்றம் 1850-களில் தீர்ப்புச் சொன்னது. வாஷிங்டன் கட்டைக் கேட்டபோது, அனுப்பாதே என்று தன் குமாஸ்தாவுக்கே கட்டளையிட்டது. 1859-இல் வாஷிங்டன் அந்தத் தீர்ப்பை உடைத்தது. ரோனின் வாதத்தை அடிமைகளின் நண்பர்கள் பேச, ஸ்டோரியின் வாதத்தை அடிமை முறையின் காவலர்கள் பேசினார்கள். ஆகவே இந்தக் கதையில் யார் கதாநாயகன் என்று என்னைக் கேட்காதீர்கள். எந்த வருஷம் என்று முதலில் சொல்லுங்கள்.

அந்தப் பலகை மேல் நடந்தவர்களில் எனக்குப் பிடித்தவர் ஒருவர் உண்டு. 1959 ஜனவரி, சனிக்கிழமை சாயங்காலம், கென்டக்கி மாநிலம் லூயிவில் நகரம். தாம்ப்சன் என்ற கறுப்பினத் தொழிலாளி ஒரு சாப்பாட்டுக் கடையில் பஸ்ஸுக்குக் காத்திருந்தார். இசைப்பெட்டியில் பாட்டு ஓடியது. கால் சும்மா இருக்குமா? லேசாகத் தாளம் போட்டு ஆடினார். கடைக்காரருக்குப் புகார் இல்லை. உள்ளே வந்த போலீஸுக்கு இருந்தது. வேலையின்றிச் சுற்றியது ஒரு குற்றம். ஏன் பிடிக்கிறீர்கள் என்று வாக்குவாதம் செய்ததால் ஒழுங்கீனம் இன்னொரு குற்றம். குற்றத்துக்குப் பத்து டாலர். அவ்வளவு சின்ன அபராதத்துக்குக் கென்டக்கியிலும் மேல்முறையீடு கிடையாது. கோஹன் சகோதரர்கள் போன வழியிலேயே, நகர போலீஸ் கோர்ட்டிலிருந்து அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு நேரே ஒரே தாவு.

1960 மார்ச் 21 அன்று நீதிபதி ஹ்யூகோ பிளாக் தீர்ப்பெழுதினார். குற்றத்துக்கு ஆதாரம் என்று ஒரு துளியும் இல்லை என்று ஒன்பது பேரும் ஒப்புக்கொண்டார்கள். இரண்டு தண்டனையும் ரத்து. மொத்தம் இருபது டாலர்.